வேண்டாம் என்று சொன்ன காட்சி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத் தூங்கிக் கழிப்பது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதை விளையாட்டை ஆரம்பித்தேன். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு பகடை உருட்டுவார்கள். என் கொழுந்தியாள் வைத்தியச்சி, எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் வாள்வீரன். எனக்கு வேடம் கிடையாது, கதையை நடத்துகிறவன் நான். அவர்களை இக்கட்டில் மாட்டிவிடுவது என் வேலை, முடிவெடுப்பது அவர்கள் வேலை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர், கதையில் எது வரவே கூடாது என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிடலாம். கொழுந்தியாள் நிஜத்தில் நர்ஸ். "ஒரு மருந்து, ரெண்டு உயிர், யாருக்குக் கொடுப்பேன்னு மட்டும் கேட்டுடாதீங்க அத்தான்" என்றாள். நோய் பரவிய சமயத்தில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த முதியவரின் ஆக்சிஜனைக் கழற்றி ஒரு சிறுமிக்கு மாட்டியிருக்கிறாள். சிறுமி பிழைத்தாள்.

எலக்ட்ரீஷியன் பிற்பாடு சேர்ந்தார். "அப்பா சாகுற மாதிரி எதுவும் வேண்டாம் சார்" என்றார். அவர் அப்பா அதே நோயில் போனவர். எந்த மருத்துவமனை, எந்த வார்டு, எந்தக் கட்டில் என்று ஆறுதலாக விசாரித்தேன். அவர் சொல்லச் சொல்ல, சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதுவரை எத்தனையோ தர்மசங்கடங்களை வைத்துப் பார்த்துவிட்டேன். சரணடைந்தவனைக் கொல்வதா விடுவதா என்று கேட்டால் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். வலிக்காத முடிவெல்லாம் ஒரு முடிவா? போதாததற்கு, "என் தங்கச்சி மனசு உங்களுக்கு வராது" என்று என் மனைவி எந்நேரமும் பாடிக்கொண்டிருப்பாள். எனக்கு அதில் எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை.

சமயம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்சியை வைத்தேன்: குகைக்குள் விஷப்புகை. கீழே ஒரு சிறுமி, ஒரு முதியவர். மாற்று மருந்து ஒரே குப்பி. முதியவரை வாள்வீரனின் அப்பாவாக வைத்தேன்.

கொழுந்தியாளின் முகம் வெளுத்துவிட்டது. "இது வேண்டாம்னு சொன்னேன்ல அத்தான்."

"நானா முடிவு பண்றேன்? உன் வைத்தியச்சிதானே பண்ணணும்" என்றேன்.

சிறுமிக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். முதியவர் மூச்சுக்குத் தவித்து, வெளிச்சம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, மகனைக் கூப்பிட்டுக்கொண்டே சாவதை நிதானமாக விவரித்தேன். அவள் தாங்கமாட்டாமல் மருத்துவமனையில் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். எலக்ட்ரீஷியன் எழுந்து நின்றார்.

"ஜன்னலோரக் கட்டிலா?"

அவள் தலையாட்டினாள்.

"எங்கப்பா என்னைக் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டார்."

"நீ மட்டும் நல்லா இருக்க" என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார். இரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தவர்கள். நான் தேநீர் ஊற்றப் போனேன்.

அவள் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். "நான் பண்ணது தப்பா அத்தான்? நீங்களாவது சொல்லுங்க" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அது உனக்குத்தான் தெரியும்" என்றேன். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை என்று போன் வந்தது. அவள் வீட்டுக் கதவை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் அவள் செய்தது சரிதான். அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் கதை நடத்துகிறவன் விடையைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. விளையாட்டில் நான் ஒருநாளும் முறை தவறியதில்லை.