கதைக்கிறது என் வேலை

ஆபரேஷன் தியேட்டர்ல வேலை செஞ்சா வருஷம் முழுக்கச் சளிதான், சேர். அந்த ஏசிக் குளிர் எலும்பு வரைக்கும் எறங்கும். நடுவுல தும்மினா மன்னிச்சுக்கங்க. விசாரணையைத் தமிழ்லயே வெச்சிருக்கீங்க, அதுக்கு நன்றி. சிங்களத்துலயும் சொல்லுவேன். ஆனா சொந்த பாஷையில சொன்னா நடந்தது நடந்த மாதிரியே வரும்.

என் பேரு யோகராஜ். கலவானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்தான் ஊர். ஆஸ்பத்திரியில அட்டென்டன் வேலை கெடச்சதும் என்னை ஆபரேஷன் தியேட்டருக்குப் போட்டாங்க. வெளிய இருக்கிறவங்க ஆபரேஷன்னா டொக்டர் மட்டும்தான்னு நெனைப்பாங்க. உள்ள ஒரு தோட்டமே நடக்குது, சேர். வெட்டுற பெரிய டொக்டர்தான் துரை. வெட்டுவாரு, தைப்பாரு, நடுவுல கிரிக்கெட் ஸ்கோர் கேப்பாரு. மயக்க மருந்து டொக்டர் மத்தவங்களைத் தூங்க வைக்கிறவர். சில நாள் அவரும் சேந்து தூங்குவாரு. கத்தி, கத்தரிக்கோல் எடுத்துக் குடுக்கிற நர்ஸ், நாங்க தியேட்டர் மிஸ்ம்போம், கணக்கப்புள்ள மாதிரி. ரத்தம் ஒத்துற துணி ஒன்னு கொறைஞ்சாலும் துரையவே வீட்டுக்குப் போக விடமாட்டாங்க. மெஷின் பாக்கிறவர் ஒருத்தர். மெஷின் ஓடுற வரைக்கும் அவர் அங்க இருக்கிறதே யாருக்கும் தெரியாது. கடைசியிலதான் நாங்க. தள்ளுறது, தூக்குறது, தொடைக்கிறது.

எனக்கு மட்டும் இன்னொரு வேலை இருந்துச்சு. அதுக்குப் பேர் கெடையாது, சம்பளமும் கெடையாது. தோட்டத்துப் பொம்பளைங்க மேசையில படுத்திருக்கும்போது, டொக்டர் சிங்களத்துல கேக்கிறதை அவங்களுக்குத் தமிழ்ல சொல்லணும். அவங்க பதிலை டொக்டருக்குச் சிங்களத்துல சொல்லணும். கடையில சீனி, பருப்பு வாங்குற சிங்களம் அவங்களுக்குத் தெரியும். மாஸ்க்குக்குள்ள இருந்து வர்ற டொக்டர் சிங்களம் வேற. அந்த இடத்துல ரெண்டு பக்கமும் வெளங்கின ஆள் நான் ஒருத்தன்தான். துரைக்கே அந்தக் குடுப்பினை இல்ல.

சீசர் பண்ணிப் புள்ளை எடுக்கும்போது இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போகும், ஆள் முழிச்சிருக்கும். அப்ப டொக்டர் சில பேர்கிட்ட கேப்பாரு, இதோட போதுமா, கர்ப்பக் குழாயைக் கட்டிரட்டுமான்னு. கட்டினா அப்புறம் புள்ளை தங்காது. மொதல் தடவை நடந்தது வெறும் சோம்பல்தான், சேர். ஒரு அம்மா, வீடு நெறைய புள்ளைங்க. புருஷனைக் கேக்கணும், மாமியாரைக் கேக்கணும், கோயில்ல பூக் கட்டிப் பாக்கணும்னு அழுதுகிட்டே சொல்லிட்டுப் போறாங்க. டொக்டர் கையுறை போட்ட கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு. நான் "ஹொந்தாய்லு"ன்னேன். சரின்னு சொல்றாங்கன்னு அர்த்தம். ஒத்தைச் சொல்லு. சிங்களத்துல இருந்த பாரத்துல எங்க கையெழுத்துப் போடணும்னு விரலை வெச்சுக் காட்டினேன், போட்டாங்க.

ஒன்னுமே ஆகல. வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு பலாப்பழம் வேற குடுத்துட்டுப் போனாங்க. அதைத் தின்னுக்கிட்டே யோசிச்சேன். தோட்டத்து லயம்னா ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு அறை. அதுக்குள்ளயே அடுப்பு, தொட்டில், கோழி. நான் செஞ்சது தப்பில்லன்னு பட்டுச்சு. அதுக்கப்புறம் சோம்பலுக்காகச் செய்யல. யோசிச்சுத்தான் செஞ்சேன்.

இப்ப ஜீவராணிங்கிற பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். மூத்தது பொம்பளப் புள்ள. ரெண்டாவது வயித்துலயே போயிருச்சு. மூனாவதுக்கு மேசையில படுத்திருந்துச்சு. மூனாவது தடவையும் வெட்டுறோம், கட்டிட்டா உடம்புக்கு நல்லதுன்னு டொக்டர் சொன்னாரு. நான் கேட்டேன். ஜீவராணி என் கையைப் புடிச்சுக்கிட்டு சொன்னுச்சு:

"வேணாங்கண்ணே. இந்தப் புள்ள நல்லபடியா தங்குதான்னு பாத்துட்டு அப்புறமா சொல்றேன்னு சொல்லுங்க."

நல்ல பதில்தான். அதைச் சிங்களத்துல சொல்லத் தெரியாம இல்ல. சொன்னா டொக்டர் திருப்பிக் கேப்பாரு, இது திருப்பிச் சொல்லும். வெளிய எனக்கு ஊத்தி வெச்ச தேத்தண்ணி வேற ஆறிக்கிட்டு இருந்துச்சு. "ஹொந்தாய்லு"ன்னேன்.

பையன் பொறந்தான். ஒரு வாரம்கூடத் தங்கல.

கொஞ்ச காலம் கழிச்சு ஜீவராணி ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைத் தேடிப் புடிச்சுச்சு. "அண்ணே, ஒன்னும் தங்க மாட்டேங்குது. டொக்டர்கிட்ட நீங்களே வந்து கதைச்சுக் குடுங்க"ன்னுச்சு. கூட்டிக்கிட்டுப் போனேன். கிளினிக்ல இருந்த லேடி டொக்டர் பழைய கார்டைப் பாத்துட்டு, குழாய் கட்டியிருக்கே, இவங்களுக்குத் தெரியாதான்னு கேட்டாங்க. தெரியும் டொக்டர், புள்ள செத்ததுல இருந்து மனசு கொஞ்சம் சரியில்லன்னு சொன்னேன். அவங்க பாவப்பட்டு ஒரு சத்து மாத்திரை எழுதினாங்க. நான் ஜீவராணி பக்கம் திரும்பி, "ரத்தம் கம்மியாம்மா. வல்லாரைக் கீரை நல்லா சாப்பிடச் சொல்றாங்க"ன்னேன். வல்லாரை ஒடம்புக்கு நல்லதுதானே, சேர்? பொய்யில்லையே.

அது ரொம்ப நாள் வல்லாரை தின்னுச்சு. வரும்போதெல்லாம் எனக்கு ரம்புட்டானோ மங்குஸ்தானோ கொண்டு வரும். புருஷன் கொழும்புல வேலைக்குப் போய், அங்கேயே இன்னொருத்தியோட குடும்பமாயிட்டான்னு கேள்வி. அதுக்கெல்லாம் நான் பொறுப்பில்ல.

இதெல்லாம் வெளிய வந்தது பஸீஹா மிஸ்ஸாலதான். மாவனல்லைக்காரங்க, முஸ்லிம் ஆள். வீட்டுல தமிழ், இஸ்கூல்ல சிங்களம். தியேட்டருக்கு மாறி வந்த புதுசு. மேசையில ஒரு தோட்டத்துப் பொம்பளை "ஐயோ வேணாம்"ன்னுச்சு, நான் வழக்கம்போல சொன்னேன். கத்தித் தட்டோட நின்ன மிஸ், டொக்டரைக் கையைக் காட்டி நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க.

"யோகராஜ் அண்ணே, அவ வேணாம்னுதானே சொன்னா?"

"மிஸ், தட்டுப் புடிக்கிறது உங்க வேலை. கதைக்கிறது என் வேலை"ன்னேன்.

அவங்க டொக்டர்கிட்ட நேராவே சொல்லிட்டாங்க. கிரிக்கெட் ஸ்கோர் கேக்கிற மனுஷன், அன்னைக்கி அந்தப் பொம்பளைகிட்ட மிஸ்ஸை வெச்சே திரும்பக் கேட்டாரு. அப்புறம் மிஸ் பழைய ஆளுங்களைத் தேடித் தோட்டம் தோட்டமாப் போயிருக்காங்க. ஜீவராணியைக் கூட்டிக்கிட்டு வந்து என் முன்னுக்கு நிறுத்தினாங்க. கத்தும், அடிக்கும்னு நெனைச்சேன். இல்ல.

"அண்ணே, அன்னைக்கி மேசையில நான் என்னா சொன்னேன், நெனப்பிருக்கா?"

ஒரு சொல்லு விடாம சொன்னேன். வேணாம், இந்தப் புள்ள நல்லபடியா தங்குதான்னு பாத்துட்டு அப்புறமா சொல்றேன்னு நீ சொன்னியேம்மான்னேன். பஸீஹா மிஸ் அழுதாங்க. ஜீவராணி அழல.

"அப்ப உங்களுக்கு வெளங்கியிருக்கு"ன்னு மட்டும் சொன்னுச்சு.

வெளங்காம என்ன, சேர்? எல்லார் சொன்னதும் வெளங்குச்சு. வேணாம்னவங்க எல்லாரும் வேணாம்னுதான் சொன்னாங்க. சரின்னு சொன்னது நான்தான். எழுதிக்கங்க, மறுக்கல.

இனி என் எடத்துல பஸீஹா மிஸ் கதைப்பாங்களாம். நல்லவங்கதான், குத்தம் சொல்லல. ஆனா அந்தப் பொம்பளைங்க வாயில வர்றதை மட்டும்தான் அவங்க சொல்லுவாங்க. அதுங்களுக்கு எது நல்லதுன்னு இனிமே யாரு சேர் சொல்லுவா?