எட்டாத போன்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கையால் ஓட்டும் மூணு சக்கர வண்டியில் இருந்தவர், சுவரில் உயரமாக மாட்டியிருந்த ஒரு ரூபாய் போனை முறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளைக் குச்சியோடு ஒரு பெரியவர்.

“அண்ணாச்சி, இந்தப் போன் எட்டலைன்னு டெலிபோன் ஆபீஸுக்குப் புகார் சொல்லணும். அதைச் சொல்லுறதுக்கும் எட்ட மாட்டேங்குது.”

“எனக்குக் கண்ணுதான் தெரியாது தம்பி, கை எட்டும். நம்பரைச் சொல்லுங்க.”

இவர் சீட்டைப் பார்த்து நம்பர் சொல்ல, அவர் ஓட்டைகளை விரலால் எண்ணி எண்ணி டயலைச் சுற்றினார்.

“ஸார், இங்க ஒருத்தருக்குப் போன் எட்டலையாம்... ஆமா, பக்கத்துலதான் இருக்காரு.” ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினார். “எட்டலைன்னா இப்ப எப்படிப் பேசுதாருன்னு கேக்காரு தம்பி.”

“வயரும் எட்டலைன்னு சொல்லுங்க!”

சொன்னார். இருவருக்கும் சிரிப்பு தாளவில்லை.

“அப்படி என்ன அவசரம், அடுத்த வருசம் பாப்போங்காரு.”

“அடுத்த வருசமா? பொறந்த வீட்டுக்குப் போயிருக்கிற என் பொஞ்சாதிகிட்ட, ‘கண்ணு, சாப்பிட்டியா’ன்னு தெனமும் எவனாவது வழிப்போக்கன்தான் எனக்காகக் கேக்கான், அண்ணாச்சி!”

பெரியவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்தார்.

“ஸார், ரொம்ப அவசரந்தான்.”