பக்கத்துப் புள்ளி

வேலம்பாளையம் போகும் சாயங்கால பஸ். முன் சீட்டில் பனியன் கம்பெனி அடையாள அட்டை மாட்டிய ஒரு அக்கா. அவர் பக்கத்தில், நாளைய பரீட்சைக்குக் கணக்குப் புத்தகம் விரித்திருந்த காலேஜ் பெண். அது என்ன கணக்கு என்று அக்காதான் கேட்டார்.

“இதுல எந்த ரெண்டு புள்ளிய எடுத்தாலும் தூரம் ஒண்ணேதானுங்க்கா. டிஸ்கிரீட் ஸ்பேஸ்னு பேரு.”

“பக்கத்துல இருக்க புள்ளிக்கு?”

“பக்கத்துலன்னு எதுவுமே இல்லீங்க்கா. எல்லாமே ஒரே தூரம்.”

“அப்ப எங்க லைன் வீடுதான்.”

பெண் சிரித்தாள்.

“நெசமாத்தான் சொல்லுதேன். எனக்குப் பகல் ஷிப்ட், பக்கத்து ரூம் பிள்ளைக்கு நைட் ஷிப்ட். நடுவுல ஒரு செவருதான். நான் வாரப்ப அவ கதவுல பூட்டு தொங்கும். அவ வாரப்ப என் கதவுல.”

“பாத்ததே இல்லீங்களா?”

“இல்ல. மழை வந்தா அவ துணிய எடுத்து மடிச்சு அவ வாசல்ல வைப்பேன். என் துணிய அவ வைப்பா.”

“பேரென்னங்க அவங்களுக்கு?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கேட்டு வச்சிருக்கலாம். நேத்து மழைக்கு என் துணி கொடியிலயே நனைஞ்சு கெடந்துச்சு. அவ கதவுல தொங்குறது அவ பூட்டு இல்ல, வேற யாரோட பூட்டோ.”