மருமகள் வைத்த மருந்து

விராலிமலையிலிருந்து அன்னவாசல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“எம் மகனுக்கு மருமக சோத்துல மருந்து வச்சுட்டாக்கா.”

“எப்புடிடீ சொல்ற?”

“ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. ஒரே வாந்தி. நாளைக்கு மருந்து எடுக்குறவருகிட்ட கூட்டிப் போறேன். வயித்துலேருந்து அது வெளிய வரட்டும், அவள ஆத்தா வீட்டுக்கே அனுப்பிருவேன்.”

“தம்பி ஊசி ஏதும் போடுறானா?”

“ஒடம்பு கொறையணும்னு வாரத்துக்கு ஒண்ணு வயித்துல குத்திக்கிறான்.”

“அட கூறுகெட்டவளே! எங்க வீட்டுக்காரரும் அதத்தான் போட்டாரு. டாக்டரக் கேக்காம அளவக் கூட்டிட்டு, இதே வாந்திதான். மொதல்ல டாக்டர்கிட்ட போ. மருமகள விடு.”

இளையவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அந்த ஊசிய பிரிட்ஜுலேருந்து எடுத்துக் குடுக்குறதே அவதானக்கா.”