பாய முடியாமல் போன மாப்பிள்ளை

சுவிஸின் பாசல் நகர ட்ராமில் எனக்கு முன்னால் இருந்த பெண் தோழியிடம் சொன்னார்: “என்ரை புட்டாலைதான் அந்தப் பெடியன்ரை வேலை போச்சுது.”

நான் காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

“எந்தப் பெடியன் அக்கா?” என்றார் தோழி.

“மகள் கட்டப்போறன் எண்டு நிக்கிற போலந்துக்காரன். காலிலை ஸ்கீக் கட்டை மாட்டிக்கொண்டு பனிமலையிலையிருந்து தூரம் பாயிற போட்டிதான் வேலை. பாரம் கூடினால் தூரம் போகேலாதாம்.”

“தெரிஞ்சுமோ புட்டுக் குடுத்தனீங்கள்?”

“என்ரை வீட்டிலை சாப்பிடாதவனுக்குப் பெட்டையைத் தரமாட்டன் எண்டனான். பாவி, ஒவ்வொரு ஞாயிறும் வந்து கோப்பையை வழிச்சுச் சாப்பிட்டான். இப்ப அணியாலை நிப்பாட்டிப்போட்டினம்.”

“ஐயோ! மகள்?”

“என்னோடை கதைக்கிறேல்லை. அவன்தான் நேற்று வந்து, வேலை இல்லாதவனுக்குப் பெட்டை தருவீங்களோ எண்டு கேட்டவன்.”

“என்ன சொன்னனீங்கள்?”

“எந்த வாயாலை மாட்டன் எண்டுறது? தையிலை கலியாணம். இனிப் பனி கொட்டுற மாரியிலை அவனுக்கு வேறை சோலி இல்லைத்தானே.”