துணையின்றி வந்தவரையும் பட்டியலில் சேர்த்த கணினி அக்காவுக்கு

எண்ணும் எழுத்தும் ஏவல் கேட்க, எரிச்சல் மட்டும் எட்டி நிற்க, எங்கள் மருத்துவமனையின் தரவுத்தளத்தைக் கண்ணெனக் காத்து, இன்று பணி ஓய்வு பெறும் கணினி அக்கா அவர்களே! சர்வர் அறையின் குளிருக்குச் சால்வையும் எங்கள் சந்தேகங்களின் சூட்டுக்குப் பொறுமையும் போர்த்திக்கொண்டவரே! வணக்கம்.

தங்கள் பெருமைகளை வரிசையாக அடுக்கத்தான் உட்கார்ந்தோம். ஆனால் எங்கள் எல்லோருக்கும் டயாலிசிஸுக்கு வந்துபோகும் அந்தத் தையற்காரர்தான் முதலில் நினைவுக்கு வந்தார். ஆகவே அதையே சொல்லிவிடுகிறோம்.

இயந்திரம் பழுதாகி, டயாலிசிஸ் நாட்கள் மாறிய வாரம் அது. நோயாளி களைத்துக் கிடப்பார் என்று உறவினருக்கே போன் போடுவது நம் வழக்கம். அதற்காக நோயாளிகள் அட்டவணையையும் உறவினர்கள் அட்டவணையையும் இணைத்துப் பட்டியல் கேட்கும் வினவலை, அதாவது கணினிக்கான கட்டளையை, தாங்கள்தாம் எழுதியிருந்தீர்கள். பட்டியல் பிழைச்செய்தி ஏதுமின்றி வந்தது. எல்லோருக்கும் தகவல் போயிற்று என்று நிம்மதியாக இருந்தோம். தனிக்கட்டையான தையற்காரரோ பழைய நாளிலேயே வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போய், பிறகு முகம் வீங்கி மூச்சிரைக்க ஸ்ட்ரெச்சரில் வந்து சேர்ந்தார்.

"எல்லாரையும் கூப்பிட்டீங்களாமே, என்னை மட்டும் ஏம்மா விட்டுட்டீங்க?" என்று தங்களைத்தான் கேட்டார்.

பதறிப்போய்த் திரைமுன் அமர்ந்தீர்கள். இரண்டு அட்டவணையிலும் இருப்பவரை மட்டுமே அந்த இணைப்பு எடுத்திருந்தது. உறவினர் என்று ஒருவரையும் சொல்லாதவர்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோயிருந்தார்கள். "சிஸ்டம் கோளாறுன்னு சொல்லிடலாமே" என்று மேலாளர் ஆறுதலுக்குச் சொன்னார். "சிஸ்டம் என்ன சார் பண்ணும், நான் கேட்டதைத்தான் குடுத்துச்சு" என்றீர்கள்.

நோயாளிகள் அனைவரும் முதலில். உறவினர் இருந்தால் பக்கத்தில். இல்லையென்றால் அந்தக் கட்டம் காலியாக, நோயாளியின் சொந்த எண்ணோடு. இப்படி வினவலைத் திருத்தினீர்கள். விடுபட்ட பெயர்கள் திரையில் எழுந்தன. ஒவ்வொருவருக்கும் தாங்களே போன் போட்டீர்கள். எல்லோரும் எடுத்தார்கள். கடைசி போனை வைத்ததும் மேசையில் தலை கவிழ்த்து அழுதீர்கள். எங்களுக்கும் அழுகை வந்தது.

மூச்சு சீராகிக் கட்டிலில் சாய்ந்திருந்த தையற்காரரிடம் போய், "தப்பு என்னோடதுங்க ஐயா" என்றீர்கள்.

"விடும்மா. நானும் எத்தனையோ சட்டையை அளவு தப்பா வெட்டினவன்தான்" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாங்கள் சிரித்த அந்தச் சிரிப்பை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

பிழையை மறைக்கப் பிறர் தந்த போர்வையை மறுத்த பெருந்தகையே! தங்கள் உடல் நலம் ஓங்குக, உள்ளம் குளிர்க, ஓய்வுக் காலம் நெடிது நீள்க!

தாங்களும் தனியே வாழ்பவர் என்பது எங்களுக்குத் தெரியும். நாளை முதல் தினமும் எங்களில் ஒருவர் போன் போடுவோம். எடுக்காவிட்டால் நேரில் வந்து கதவைத் தட்டுவோம். திட்டினாலும் பரவாயில்லை, திறந்துவிடுங்கள் அக்கா.

என்றும் தங்கள்,
கணினிப் பிரிவு, டயாலிசிஸ் பிரிவு ஊழியர்கள்