ஒளிரக் கூடாத முட்கள்

உங்கள் சுவர்க் கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை பேர் வேலை செய்யும் போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர்கூட கவனிக்கவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. மனிதர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, மணியைத்தான் பார்க்கிறார்கள்.

நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும். ஒரு முறை எழுதியதை அடிக்க வேண்டியிராது.

நான் இயற்பியல் படித்தவள். பட்டம் வாங்கியதும் கைக்கடிகாரக் கடை ஒன்றில் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். எனக்கு நாலு பேரோடு பேச வராது. அந்த மேஜையில் பேச வேண்டியதும் இல்லை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

வேலை கிடைத்ததற்காக அக்கா வீட்டில் விருந்து வைத்தார்கள். அத்தான் எல்லார் முன்னிலையிலும் ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே விமானிகள் கட்டும் வகைக் கடிகாரம். கறுப்பு டயல். வெளிவட்டத்தில் நிமிடங்கள், உள்வட்டத்தில் சின்னதாக மணிகள், உச்சியில் எண்ணுக்குப் பதில் ஒரு முக்கோணம். கையுறை போட்ட விரலாலும் சாவி கொடுக்கலாம் என்று குமிழைப் பெரிதாகச் செய்திருப்பார்கள்.

“ஒரிஜினல். வாட்ச் கடையில வேலை பாக்குறவ கையில டப்பா வாட்ச் இருந்தா நமக்குத்தானே அசிங்கம்” என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா பெருமையில் பூரித்துப்போனாள்.

மறுநாள் கடையில் மூடியைத் திறந்தேன். போலி. செய்தவன் அளவுகளை மட்டும் நன்றாகத் திருடியிருந்தான். உள்ளே மெஷின் தகர டப்பாவில் விழுந்த வண்டு மாதிரி சத்தம் போட்டது. அத்தான் தெரிந்தே வாங்கினாரா, ஏமாந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவானாலும் அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு குறையவில்லை. குறைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

கட்டாமல் இருக்க முடியாது. “ஏன்டி, அத்தான் ஆசையா வாங்கிக் குடுத்தது உனக்குப் பிடிக்கலையா?” என்று அக்கா கண்ணைக் கசக்குவாள். பொய்யைக் கையில் கட்டிக்கொண்டு அலையவும் என்னால் ஆகாது. மிச்சமிருந்தது ஒரே வழி. ஒவ்வொரு பாகமாக அசலைப் போட்டு அதை மெய்யாக்கிவிடுவது. நேர்மையை இவ்வளவு பெரிதாக நினைப்பவர்கள் அதிகம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிகாரத்தின் அசல் பாகங்களை வெளியே விற்பதில்லை. வேண்டுமென்றால் அவை ஏற்கெனவே ஓர் அசல் கடிகாரத்துக்குள் இருந்தாக வேண்டும்.

கேப்டன் அப்போதுதான் அதே வகைக் கடிகாரத்தின் அசலோடு கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற விமானி. மனைவி போன பிறகு மகள் வீட்டில் இருந்தார். சட்டை மடிப்பு கலையாமல் வருவார். கடிகாரத்தைக் கழற்றுவதற்கு முன் மேஜைமேல் கைக்குட்டையை விரிப்பார், கண்ணாடியில் கீறல் விழக் கூடாதென்று. முதன்முதலாகத் தனியாக விமானம் ஓட்டிய நாளிலிருந்து கட்டுவதாகச் சொன்னார். எங்கள் முதலாளி அதைக் கேட்டுக் கொட்டாவி விட்டார்.

திறந்து பார்த்தேன். அழகு என்ற சொல்லை நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. மூடியின் உட்பக்கத்தில் பழைய கீறல்கள் இருந்தன. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடிகாரத்தைத் திறந்து வேலை பார்த்தவர் மூடிக்குள் தன் குறியைச் சின்னதாகக் கீறிவிட்டுத்தான் மூட வேண்டும். அடுத்தவர் குறியை அழிக்கக் கூடாது. நானும் என் குறியைக் கீறினேன். முட்களை மட்டும் மாற்றினேன். அவருடையவை என்னுடையதற்கு, என்னுடையவை அவருடையதற்கு.

சில நாளில் அவர் திரும்பி வந்தார்.

“இது இருட்டுல ஒளிருதும்மா” என்றார்.

முதலாளி சிரித்தார். “அதுக்குத்தானே சார் பைலட் வாட்ச்!”

“என்னுது ஒளிரக் கூடாது. முள்ளுல இருந்த பூச்சு செத்துப் பல வருஷமாச்சு.”

புதுப் பூச்சு வைத்தேன் என்று சொன்னேன். பூச்சு சரியாக ஒட்டியிருக்கிறதா பார்க்கிறேன், வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். கைக்குட்டையை விரித்து வைத்துவிட்டுப் போனார். அந்த முறை குமிழை எடுத்தேன்.

அதன் பிறகு நான் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. சாவி கொடுக்கும்போது விரலுக்கு வழவழவென்று இருக்கிறது என்று வந்தார். டயலை எடுத்தேன். டயலின் கறுப்பு வேறு கறுப்பு என்று வந்தார். கண்ணாடியை எடுத்தேன். குறை சொல்ல வரும் ஒவ்வொரு முறையும் அவரே கழற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் மூடிக்குள் என் குறியைக் கீறினேன். மூடியை மட்டும் மாற்றவில்லை. அது பல பேருடைய கை பட்ட இடம். ஒளிக்க நினைக்கிறவள் இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாளா, சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருடைய மகள், “இப்பதாம்பா புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு” என்றாளாம். அத்தான் ஒரு நாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, முள் மங்கிவிட்டதே, வேறு வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். இந்த மனிதர்களுக்காகவா அசல் என்று ஒன்றைச் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் மெஷினை மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வேலை முடிந்து காதில் வைத்துக் கேட்டபோது என் கடிகாரம் முதன்முதலாகப் பொய் சொல்லவில்லை.

அதற்குப் பின் கேப்டன் தனியாக வரவில்லை. மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். தூங்காமல் கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார் என்றாள். வேலைக்காரப் பெண்தான் மாற்றியிருப்பாள் என்று சந்தேகம் வந்து அவளை நிறுத்திவிட்டார்களாம். இத்தனைக்கும் அவர் அவள் பெயரைச் சொல்லவே இல்லை. வீட்டில் உள்ளவர்களாக முடிவு செய்தது.

“மேடம், வாட்சை யாரோ மாத்திட்டாங்கன்னு அப்பா ஒரே பிடியா நிக்கிறார். நீங்கதான் எப்பவும் பாக்குறீங்க. நீங்களே அவர்கிட்டச் சொல்லுங்க.”

கேப்டன் அவளைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதைக் கொஞ்சம் தரியாம்மா?”

கழற்றிக் கொடுத்தேன். மறுத்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். அவர் காதில் வைத்தார். கண்ணை மூடினார். முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் இறங்கியது.

“இதுதான்” என்றார்.

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்பா, அது அவங்களோடது. குடுங்க” என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கி என்னிடம் கொடுத்தாள். மன்னிப்பும் கேட்டாள்.

நான் கேப்டனின் கையைத் தொட்டு, “சார், உங்களோடது உங்க கையிலதான் இருக்கு. எதுவும் மாறலை” என்றேன். மகளிடம் குரலைத் தாழ்த்தி, ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னேன். அதை அன்பாகவே சொன்னேன் என்று அவளே சாட்சி சொல்வாள்.

டாக்டர் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரையச் சொல்லியிருக்கிறார். ஞாபகசக்தியைப் பார்க்க அப்படி ஒரு சோதனை உண்டு. மகள் அந்தப் படத்தைப் போனில் எடுத்துவந்து காட்டி அழுதாள். வட்டத்துக்குள் வட்டம். பன்னிரண்டின் இடத்தில் எண் இல்லை, முக்கோணம். மூன்றின் இடத்தில் பதினைந்து, ஆறின் இடத்தில் முப்பது. “மணி எங்க இருக்கணும்னே மறந்துபோச்சு மேடம்” என்றாள்.

படத்தில் ஒரு பிழையும் இல்லை. உள்வட்டத்து மணிகளைக்கூட சின்னதாக, சரியான இடத்தில் போட்டிருந்தார். அத்தனை படித்த டாக்டர், நோயாளி கையில் என்ன கட்டியிருக்கிறார் என்று ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. மகளும் தினம் பார்த்த டயல்தான். இவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்களா? என்னிடம் யாரும் படம் சரியா என்று கேட்கவில்லை. கஷ்டமாகத்தான் இருக்கும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

அவரை வெளியிலிருந்து பூட்டும் இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே கடிகாரத்தின் கண்ணாடி கழன்று விழுந்ததாம். போலிக் கண்ணாடிதானே, பிடிப்பு இருக்காது. மகள் பக்கத்தில் இருந்த கடையில் கொடுத்திருக்கிறாள். அந்தக் கடைக்காரர் மூடியைத் திறந்திருக்கிறார். உள்ளே எல்லாம் போலி, மூடி மட்டும் அசல், அதில் வரிசையாக ஒரே ஆளின் புதிய குறி. அவர் சொல்லித்தான் மகள் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள். இந்த ஊரில் ஒருவராவது வேலையைப் பார்த்து வேலை செய்கிறார் என்பதில் எனக்குத் திருப்தி.

ஆமாம், நான்தான் எடுத்தேன். ஒவ்வொன்றையும். அவர் சொன்னதெல்லாம் சரி என்று தெரிந்தே எதுவும் மாறவில்லை என்று சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இன்னொன்றையும் எழுத வேண்டும். நேற்று இரண்டு கடிகாரங்களையும் நீங்கள் இல்லத்துக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தீர்களாம். வெளியே உங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். என்னுடையதை எடுத்து வெகு நேரம் காதில் வைத்திருந்தாராம். பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக் கட்டிக்கொண்டு, “இதுதான் என்னுது. கடையில இருக்கிற பொண்ணு சொல்லிருக்கு. எனக்குத்தான் சரியில்லை” என்றாராம்.

பாருங்கள். கடைசியில் அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.